ஆற்றங்கரைக் காட்டில் ஐம்பது கஜம்

1936-ஆம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிஷம். காற்று துளியும் இல்லை. சேர்வராயன் மலையின் மேல் ஒரு முழ அகலத்துக்கு மேகம் நின்றது. மழைக்கு உதவாத மேகம். விடியும் முன்பே சட்டையின் கழுத்துப்பட்டை நனைந்துவிட்டது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில், எடப்பாடி பஸ் புறப்படும் இடத்தில், ஒரு தகரப் பெட்டி, ஒரு குடை, ஒரு கூஜா ஆகிய மூன்று உருப்படிகளுடன் நின்றேன். செவ்வாய்க்கிழமையில் பிரயாணம் செய்வது என் வழக்கமல்ல. அறுபத்தேழு வயதில் இது நான்காவது தடவை. நான்கு தடவையும் பிறர் செய்த காரியத்துக்காகவே புறப்பட்டேன்.

இம்முறை காரியம் செய்தவன் என் பேரன் நடேசன். வயது பதின்மூன்று, மூன்றாம் பாரம். அவன் பள்ளிக்கூடத்துச் சாரணர் படை, அதாவது காக்கி அரைக்கால் சட்டை போட்டுக் கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு விசில் சத்தத்துக்கு ஓடும் பையன்கள், பூலாம்பட்டிக்கு எதிரே காவேரிக்கரைக் காட்டில் பத்து நாள் முகாம் போட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனையின் பேரில் அவனை அனுப்பச் சம்மதித்தேன். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதை ஒரு காகிதத்தில் எழுதி அவனிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

நிபந்தனைக்குக் காரணம் உண்டு. அவன் தகப்பனார், என் மருமகன், ஒன்பது வருஷங்களுக்கு முன் இதே ஆற்றில், தெற்கே வேறொரு துறையில், பரிசல் பாறையில் மோதிக் கவிழ்ந்து இறந்தார். எட்டுப் பேர் ஏற வேண்டிய பரிசலில் பதினாறு பேர். நான் முப்பத்தொரு வருஷம் சர்வே இலாகாவில் நிலம் அளந்தவன். மறுநாள் அந்தத் துறைக்குப் போய் அளந்தேன். பாறையிலிருந்து கரை எழுபது கஜம். நீந்தத் தெரிந்த ஒன்பது பேர் கரையேறினார்கள். தெரியாத ஏழு பேரில் அவர் ஒருவர். அன்று முதல் என் மகள் மரகதமும் அவள் பிள்ளையும் என் வீட்டில் இருக்கிறார்கள். அன்று முதல் நான் பரிசலில் கால் வைத்ததில்லை.

நிலைமை இப்படியிருக்க, திங்கட்கிழமை மாலை அரிசி இருப்பைப் பார்க்கப் போன நான், அரிசி அளக்கும் படிக்கு அடியில் ஒரு தபால் கார்டைக் கண்டேன். "அம்மா, புதன்கிழமை காலை எங்களுக்கு ஆற்றில் நீச்சல் சோதனை. ஐம்பது கஜம். நான் இப்போது முப்பது வரை போகிறேன். அப்புச்சிக்குச் சொல்ல வேண்டாம்." தாயைப் பெற்ற தாத்தாவை எங்கள் பக்கத்தில் அப்புச்சி என்பார்கள். சொல்ல வேண்டாதவன் நான்தான்.

மரகதத்திடம் கார்டை நீட்டினேன். "படிச்சுட்டீங்களா?" என்றாள். முதல் பஸ்ஸில் போய்ப் பையனை அழைத்து வந்துவிடுவதாகச் சொன்னேன். "போயிட்டு வாங்கப்பா. வெயிலாருக்கும், கொடைய எடுத்துக்குங்க" என்றாள். அவள் என்னோடு வாதாடவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேரனைப் படையிலிருந்து நீக்கும்படி தலைமையாசிரியருக்கு முகாமிலிருந்தே எழுதுவதற்காக ஒரு தபால் கார்டு வாங்கிப் பெட்டியில் வைத்தேன். விலை முக்காலணா.

காலை 6-50. ஆறு மணி பஸ் புறப்பட்டது. பஸ்ஸின் பக்கத்தில் இருபது ஆட்கள் என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறது. உள்ளே டிரைவரோடு முப்பத்தொரு பேர். கோழிகள் நான்கு, அவற்றை ஆட்களில் சேர்க்கவில்லை. எடப்பாடிக்குப் பத்தணா. ஒன்பதணாதான் நியாயம் என்பதை மைல் கணக்குப் போட்டுக் காட்டினேன். கண்டக்டர் கேட்டுக்கொண்டு, பெட்டிக்கு ஓரணா தனி என்றான்.

"பெட்டி என் மடியில் இருக்கிறது. உன் பஸ்ஸை அது தொடவே இல்லை" என்றேன்.

"நீங்க பஸ்ஸத் தொடுறீங்கல்லங்க பெரியவரே, பொட்டி உங்களத் தொடுதுங்கல்ல" என்றான்.

ஒன்பது பேர் சிரித்தார்கள். ஓரணா கொடுத்தேன்.

தாரமங்கலம் வழியாக இருபத்தெட்டு மைல். எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற மூன்று இடத்தில் நின்றோம். இரண்டு இடத்தில் கிணற்றுக்கு ஆள் போய் வர வேண்டியிருந்தது; மூன்றாவது இடத்தில் கண்டக்டர் என் கூஜாவைப் பார்த்தான். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். சாலையின் இரு புறமும் அறுத்த சோளத் தட்டை, பனைமரம், வெடித்த ஏரி. எடப்பாடி சேரும்போது ஒன்பது இருபத்தைந்து. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். கடையில் இரண்டு இட்லியும் ஒரு காப்பியும் ஒன்றரை அணா. காப்பி வெந்நீர் வகையைச் சேர்ந்தது.

காலை 10 மணி. பூலாம்பட்டிக்கு ஏழரை மைல். மாட்டு வண்டிக்குப் பன்னிரண்டணா கேட்டதில் வண்டிக்காரர் கருப்பண்ணன் ஒரு தம்பிடியும் இறங்கவில்லை. வண்டிக்குக் கூண்டு இல்லை. குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அந்தக் காக்கி டவுசருப் பசங்ககிட்டயாங்க போறீங்க?" என்று அவர் கேட்டார்.

"ஆமாம்."

"வந்த அன்னிக்கு எங்கூர்ல பாதிப் பேரு ஊட்டுக் கதவச் சாத்திக்கிட்டாங்க, போலீசுன்னு. அப்பறம் பாத்தா, கெழவி ஒருத்தி தலையிலிருந்து வெறகுக் கட்டப் புடுங்கிட்டு ஓடுதுங்க பசங்க. அவ கத்துறா. கடசீல அவ ஊட்டுலயே கொண்டு எறக்கிட்டு சல்யூட்டு அடிச்சுதுங்களாம். தினம் ஒரு ஒதவி செய்யோணுமாமுங்க. கெழவி அடுத்த நாளும் வெறகோட வந்து நின்னா. அன்னிக்கி ஒருத்தனும் வல்லீங்க."

பகல் 12-10. பூலாம்பட்டித் துறை. மேலே மேட்டூரில் அணை கட்டிய பிறகு இந்த மாதத்தில் ஆறு இளைத்துத்தான் ஓடுகிறது. ஆனாலும் நடு ஓட்டம் நூற்றுத் தொண்ணூறு கஜத்துக்குக் குறையாது என்று கண்ணால் மதிப்பிட்டேன். முகாம் அக்கரையில். பாலம் கிடையாது. முகாம் போடுவதற்குச் சேலம் ஜில்லாவில் பாலமுள்ள இடமே கிடைக்கவில்லையா என்று கேட்க விரும்புகிறேன்.

துறையில் நின்ற பரிசலில் பதினொரு பேரும் ஒரு வெள்ளாடும் ஏறியிருந்தார்கள். பரிசல்காரர் அங்கமுத்துவுக்கு ஐம்பது வயதிருக்கும். "வாங்க சாமி, எடமிருக்குது" என்றார்.

"எத்தனை பேர் ஏற்றுவது என்று உனக்குக் கணக்கு உண்டா?"

"வார ஆளுதானுங்க கணக்கு."

நான் ஏற மறுத்தேன். அவர் போய்த் திரும்பி வரும் வரை முப்பத்தைந்து நிமிஷம் வெயிலில் நின்றேன். தனியாக ஏறினால் இரண்டணா என்றார். கொடுத்தேன். மூங்கில் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். தண்ணீர் தோலுக்கு அடியில் ஓடுவது உட்கார்ந்த இடத்தில் தெரிகிறது. துடுப்பு விழும் சத்தத்தை எண்ணினேன். நூறு ஆனபோது, பேச்சுக்காக, முதலை உண்டா என்று கேட்டேன்.

"ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு வயசாயிப் போச்சு. வாயத் தொறந்துக்கிட்டு கரையிலயே கெடக்கும், ஒண்ணுஞ் செய்யாது." துடுப்பை நிறுத்திவிட்டு, "உங்க வயசுதானுங்க இருக்கும்" என்றார்.

"துடுப்பைப் போடு" என்றேன். இருநூற்றுப் பதினான்காவது துடுப்பில் அடி மணலில் உரசியது.

பகல் 1-40. துறையிலிருந்து வடக்கே ஆற்றோரமாக ஒரு மைல் மூன்று பர்லாங்கு நடை. மருத மரங்கள் இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் நாவலும் விளாவும், அதற்குப் பின்னால் மலை வரைக்கும் முட்காடு. பாதை என்று சொல்லத்தக்கது இல்லை. மரத்துக்கு மரம் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். பதினேழு குறிகள். அவற்றுள் இரண்டு எதிர்த் திசையைக் காட்டின. அதனால் எனக்கு முந்நூறு அடி நஷ்டம்.

மரங்களுக்கு நடுவில் கூடாரம் தெரிந்ததும் ஓர் ஆந்தை கத்தியது. பட்டப்பகல். நின்றுவிட்டேன். உடனே ஆறு ஆந்தைகள் கத்தின. புதருக்குள்ளிருந்து ஆறு பையன்கள் எழுந்தார்கள். ஆறாவது ஆந்தை என் பேரன்.

விஷயம் என்னவென்றால், படையில் ஆறாறு பையன்களுக்கு ஒரு பிராணியின் பெயர். வேண்டியவர் வந்தால் அந்தப் பிராணியைப் போல் கத்தி வரவேற்க வேண்டும். புலி, நரி, மயில் எல்லாம் இருக்கின்றன. என் வீட்டுப் பிள்ளைக்கு ஆந்தை. வீட்டு வேப்பமரத்தில் ஆந்தை உட்கார்ந்தால் கல்லெடுத்து விரட்டுகிற குடும்பம் எங்களுடையது.

மேலே கேளுங்கள். முகாமின் தலைவர் பள்ளிக்கூடத்து டிராயிங் வாத்தியார் சின்னசாமி, இராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, இருபத்தெட்டு வயது, ஆறடி உயரம். அந்த உயரத்துக்கும் அரைக்கால் சட்டைதான் போட்டிருந்தார். மூன்று விரலை நெற்றியில் வைத்து எனக்கு ஒரு சலாம் வைத்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அறுபத்தேழு வருஷத்தில் எனக்கு யாரும் இடது கையால் ஒரு வெற்றிலைகூடக் கொடுத்ததில்லை.

"எங்க முறைங்க ஐயா. கேடயம் புடிக்கிற கைய எறக்கிட்டு நீட்டுறது, உங்கள நம்புறோம்னு அர்த்தம்" என்றார்.

"உங்களிடம் கேடயம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். அவர் பின்னால் பையன்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு இடது கையை நீட்டினார்கள். இருபத்து நான்கு இடது கைகள். நான் இரு கைகளையும் குடையின் மேலேயே வைத்துக்கொண்டேன்.

முகாமைச் சுற்றிக் காட்டினார்கள். கூடாரம் நான்கு, முளைக்குச்சி அறுபத்து நான்கு, அவற்றுள் மூன்று காணவில்லை. மூங்கிலைக் கயிற்றால் கட்டித் தட்டு அடுக்க ஒரு சட்டம், விளக்குக்கு ஒரு கால், குடத்துக்கு ஒரு மேடை. ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை என்பதில் அவர்களுக்குப் பெருமை. கூடார வாசலில் இருபத்து நான்கு ஜோடி வைக்கும்படி ஒரு செருப்பு நிலை கட்டியிருந்தார்கள். அதில் ஐந்து ஜோடிகள் இருந்தன. மற்றப் பத்தொன்பது பேருக்குச் செருப்பே கிடையாது.

"பின் இது எதற்கு?"

"புத்தகத்துல படம் போட்டிருக்குதுங்க ஐயா" என்றார் சின்னசாமி. "கட்டினா சட்டையில தைச்சுக்க ஒரு பட்டை உண்டு."

பிற்பகல் 3-15. சுற்றிப் பார்க்க வரவில்லை, பையனை அழைத்துப் போக வந்தேன் என்று சொன்னேன். நிபந்தனைக் காகிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினேன். நடேசன் ஐந்து அடி தூரத்தில் நின்றான். ஏழு நாளில் கறுத்திருந்தான். முதுகுத் தோல் உரிந்திருந்தது.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க அப்புச்சி."

"முழங்காலுக்கு மேல் எத்தனை தடவை இறங்கினாய்?"

அவன் எண்ணிப் பார்த்தான். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. "பதினஞ்சு தடவைங்க" என்றான். பிறகு, "நாளைக்கு ஒரு தடவ எறங்கிட்டு வந்தர்றனுங்க. அப்பறம் எங்க கூப்புட்டாலும் வாரேன்" என்றான்.

முடியாது என்றேன். பள்ளிக்கூடத்தை, படையை, டிராயிங் வாத்தியார்கள் ஆற்றங்கரையில் செய்யும் உத்தியோகத்தை, எல்லாவற்றையும் வரிசைப்படி சொன்னேன். பத்து நிமிஷம் பேசினேன். முடிந்ததும் சின்னசாமி கூடாரத்துக்குள் போய் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மரகதத்தின் கையெழுத்து. முகாம் தொடங்குவதற்கு நான்கு நாள் முந்திய தேதி.

"நமஸ்காரம். என் மகன் நடேசனுக்கு முகாமில் நீந்தக் கற்றுக்கொடுக்கவும். அவன் தகப்பனாருக்குத் தெரிந்திருந்தால் எழுபது கஜம் ஒரு தூரமே இல்லை. என் அப்பா சம்மதிக்க மாட்டார். முழங்காலுக்கு மேல் இறங்கக் கூடாது என்று காகிதம் எழுதி வாங்குவார். அதை நான் பொருட்படுத்தவில்லை. அவருக்கு விஷயம் தெரிந்தால் முதல் பஸ்ஸில் அங்கே வருவார். வந்தால் அவரிடம் கோபிக்காமல் இந்தக் கடிதத்தைக் காட்டவும். அவருக்கு மத்தியானம் மோர் கொடுக்கவும்."

தேதியைத் திரும்பப் பார்த்தேன். நான் காகிதம் எழுதி வாங்கியது அதற்கு மறுநாள்தான்.

மோர் வந்தது. குடித்தேன். என் வீட்டில், என் அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு, என் வருகையைப் பஸ் உட்பட முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் வைப்பது என்று தெரியவில்லை. எழுபது என்று அவள் எழுதியிருந்தாள். அளந்தது நான். ஒன்பது வருஷங்களுக்கு முன் ஒரு தடவைதான் அந்த எண்ணை அவளிடம் சொன்னேன்.

வெகு நேரம் கழித்து, "நாளைக்கு ஆற்றில் ஆபத்துக்குப் போட வைத்திருக்கும் கயிறு எங்கே?" என்று சின்னசாமியைக் கேட்டேன்.

கொண்டுவந்தார்கள். முப்பது கஜத் தேங்காய்நார்க் கயிறு. கை கையாகப் பிடித்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் புரி அறுந்திருந்தது. இருபத்து நான்கு பிள்ளைகளின் உயிரை இந்தக் கயிற்றில் கட்டியிருக்கிறீர்கள், செருப்பு நிலைக்கு மட்டும் புதுக் கயிறு வேண்டியிருந்ததோ என்று கேட்டேன். செருப்பு நிலையை நானே அவிழ்த்தேன். பத்தொன்பது கஜம் நல்ல கயிறு தேறியது.

இரவுச் சாப்பாட்டில் ஒரு கைப்பிடிச் சோற்றுக்கு இரண்டு கல் இருந்தது. யாருக்கும் கடன்பட விரும்பாமல் சாப்பாட்டுக்கு நாலணா கொடுத்தேன். இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூடாரத்தில் கொசு இருந்தது; எண்ணவில்லை.

6-ந் தேதி புதன்கிழமை, காலை 5-45. ஆற்றின் மேல் மெல்லிய புகை போல் ஆவி. முகாமுக்குக் கீழே ஆறு ஒதுங்கி ஒரு மடு இருக்கிறது. ஓட்டமில்லாத ஆழமான தண்ணீர். கரைக்கு இணையாக இரண்டு மூங்கில்களை நட்டு, இடையில் ஐம்பது கஜம் என்றார்கள்.

"யார் அளந்தது?"

"நாந்தானுங்க. மணல்ல எட்டு வெச்சு நடந்து பாத்தேன். என் எட்டு ஒண்ணு ஒரு கஜம்" என்றார் சின்னசாமி.

ஆறடி மனிதருக்கு எட்டு ஒரு கஜம் என்று எந்தப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது என்று தெரியவில்லை. என் குடை நுனியிலிருந்து வளைவு வரை முப்பத்தாறு அங்குலம். அப்படிப் பார்த்துத்தான் வாங்கினேன். மூங்கில்களுக்கு நேராக மணலில் இரண்டு குச்சிகள் நட்டுக் குடையை மாற்றி மாற்றிப் போட்டேன். ஐம்பத்தாறு கஜம். சோதனைக்கு இறங்குகிறவர்கள் ஒன்பது பேர். ஆளுக்கு ஆறு கஜம் வீதம் ஐம்பத்து நான்கு கஜம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறார். ஒரு முழுச் சோதனையைவிட நான்கு கஜம் அதிகம். ஐம்பது என்றால் ஐம்பது. இதைச் சத்தமாகவே சொன்னேன். சோதனைக்காகப் பரிசலோடு வரவழைத்திருந்த அங்கமுத்து போய் இரண்டாவது மூங்கிலைப் பிடுங்கி, நான் குடையைத் தூக்கிக் காட்டிய இடத்தில் நட்டார்.

பிறகு இன்னொரு மூங்கிலை எடுத்து வரச் சொன்னேன். மணலில் மேலும் இருபது குடை அளந்து அங்கே நின்றேன்.

"இது எதுக்குங்க சாமி?" என்றார் அங்கமுத்து ஆற்றிலிருந்து.

"நடு."

சின்னசாமி என்னைப் பார்த்தார். கடிதத்தைப் படித்தவர்கள் அந்தக் கரையில் இரண்டு பேர். "சோதனைக்கு இல்லை" என்று அவரிடம் சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னார்.

காலை 7-20. பரிசலில் அங்கமுத்துவும், பக்கத்தில் நானும், மடியில் செருப்பு நிலைக் கயிறும். என்னைக் கரையில் உட்காரச் சொன்னார்கள். அந்தக் கயிற்றை வேறு யார் கையிலும் கொடுப்பதாக இல்லை என்றேன். ஒவ்வொரு பையனுக்கும் பக்கத்திலேயே பரிசல் போயிற்று. முதல் எட்டுப் பேரில் ஏழு பேர் மூங்கிலைத் தொட்டார்கள். எட்டாவது, ஒரு நரி, முப்பத்தெட்டில் கயிற்றைப் பிடித்துவிட்டு, கண்ணில் மணல் விழுந்தது என்றான். நடுத் தண்ணீரில் கண்ணில் மணல் விழுந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒன்பதாவது நடேசன். இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைப் பார்த்தான். நான் விளிம்பைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். விசில் ஊதினார்கள்.

நன்றாக நீந்தினான் என்று சொல்ல மாட்டேன். தலையை வேண்டாத அளவு தூக்குகிறான். கால் தண்ணீரை அடிக்கிறதே தவிரத் தள்ளவில்லை. இருபது கஜத்துக்கு முப்பத்தொரு கை போட்டான். முப்பதுக்கு மேல் அவன் இதுவரை போனதில்லை என்பது கார்டைப் படித்த எனக்குத் தெரியும். முப்பதைத் தாண்டினான். நாற்பதில் வாயால் மூச்சு வாங்கினான். ஐம்பதில் மூங்கிலைத் தொட்டதும் கரையில் விசில் ஊதினார்கள்; ஆந்தைகள் ஐந்தும் கத்தின.

மூங்கிலைப் பிடித்துத் தொங்கியபடி எதிரே நின்ற மூன்றாவது மூங்கிலைக் கண்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் தாய் அவனிடம் எதைச் சொல்லி வளர்த்தாள், எதைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியாது. அங்கமுத்துவிடம், "பரிசலை மேலே விடு" என்றேன். பையன் மூங்கிலை விட்டான்.

மீதி இருபது கஜத்தையும் கஜம் கஜமாகச் சொல்ல என்னால் முடியும். சொல்லப் போவதில்லை. அறுபத்து மூன்றில் தலை முழுகியது.

"கயித்தப் போடட்டுங்களா?" என்று அங்கமுத்து துடுப்பை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. தலை வந்தது. இருமினான். கை விழுந்தது, மறுபடி விழுந்தது.

"வேண்டாம்" என்றேன்.

எழுபதில் அவன் பிடித்த மூங்கில் அவன் பாரத்துக்குச் சாய்ந்தது. அங்கமுத்து நட்ட லட்சணம் அது. பையன் ஒரு கையை மேலே தூக்கினான். என் வலது கை பரிசலின் விளிம்பில் இருந்தது. அதை அங்கிருந்து எடுக்க எனக்குத் துணிவில்லை. ஆகவே இடது கையைக் கொடுத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. கரையிலிருந்த இருபத்து மூன்று பேரும் அதைக் கண்டு ஏன் அப்படிக் கத்தினார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.

பரிசலுக்குள் வந்து விழுந்தவன் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வாங்கினான். பிறகு, "எத்தனைங்க அப்புச்சி?" என்றான்.

"நீயே எண்ணியிருக்க வேண்டும்" என்றேன்.

"எண்ணினனுங்க. அம்பதுக்கு அப்பறம் தப்பிப் போச்சு."

"எழுபது" என்றேன். அவன் என் குடையை எடுத்துத் தன் மேல் படாமல் ஒதுக்கி வைத்தான், நனைந்துவிடும் என்று.

காலை 10 மணி. பையனை அழைத்துப் போகவில்லை. முகாம் வெள்ளிக்கிழமை முடிகிறது; மீதி இரண்டு நாளில் அவன் காலை ஒழுங்காக உதைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சின்னசாமியிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் மூன்று விரல் சலாம் வைத்தார். இம்முறை கையை நீட்டாமல் நின்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்புக்குறிகளில் தப்பான இரண்டையும் வழியில் அழித்தேன். துறையில் பரிசலில் ஏழு பேர் இருந்தார்கள். நான் எட்டாவது. ஒன்பதாவதாக வந்தவரை அங்கமுத்துவே நிறுத்தி, "இருங்க, இந்தச் சாமி எறங்கட்டும். எண்ணிக்கிட்டிருக்குது" என்றார். கட்டணம் ஓரணாதான். துடுப்புகளை எண்ணவில்லை, பக்கத்திலிருந்தவர் மாட்டுச் சந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். காலையில் பரிசலில் இருந்ததற்குக் கொடுத்த இரண்டணாவை அங்கமுத்து வாங்கிக்கொள்ளவில்லை. இந்தத் தடத்தில் யாரும் வாங்க மறுத்த பணம் அது ஒன்றுதான்.

கருப்பண்ணன் வண்டி, மறுபடி பன்னிரண்டணா. எடப்பாடியில் ஒரு கயிற்றுக் கடையில் அறுபது கஜம் புதுக் கயிறு, புரி புரியாகப் பார்த்து, ஒரு ரூபாய் ஆறணாவுக்கு வாங்கினேன். அதைக் கருப்பண்ணன் கையிலேயே கொடுத்து முகாமில் சேர்க்கச் சொன்னேன். "டவுசருப் பசங்களுக்குங்களா?" என்றார். ஆற்றுக்கு என்றேன். பஸ்ஸுக்குப் பத்தணா. இந்தக் கண்டக்டர் பெட்டிக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் முந்தின நாள் வாங்கிய ஓரணா என்ன சட்டத்தில் சேரும் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் விளக்க வேண்டும்.

மாலை 7-10. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு இருக்கிறது. சுற்றுச்சுவர் மூன்றடி. நடேசன் நான்கு வயதில் வந்தபோது நான் அதன் மேல் இரும்புக் கம்பி வலை போட்டுப் பூட்டினேன், சாவி என்னிடம். வாளி இறங்குகிற அளவு ஒரு சதுரம் மட்டும் திறந்திருக்கும். ஒன்பது வருஷமாக அந்த வலையின் வழியாகவே தண்ணீர் சேந்துகிறோம். அன்றைக்குக் கால் கழுவப் போனபோது கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மரகதம் சொம்போடு வந்தாள். பையன் எங்கே என்று கேட்கவில்லை.

"அம்பதும் போனானாங்கப்பா?"

"எழுபது" என்றேன். "நான்தான் அளந்தேன். குடையால்."

அவள் சொம்பைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு, இரு கையாலும் அந்தக் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போக வெகு நேரமாயிற்று. அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது. நான் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தலைமையாசிரியருக்கு எழுத வாங்கிய கார்டு எழுதப்படாமல் பெட்டியில் இருக்கிறது. அந்த முக்காலணாவும் சேர்த்து, இந்தப் பிரயாணத்தில் எனக்கு ஆன செலவு ரூபாய் நான்கு, அணா பன்னிரண்டு, தம்பிடி மூன்று.